கிளிப்பை இறுக்குங்கள்!

எரிபொருள் ஃபில்டரை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அதன் இரு முனைகளிலும் ஹோஸை எப்படிப் பூட்டுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. தமிழக - ஆந்திர எல்லையிலுள்ள தடா நெடுஞ்சாலையை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

2016 அக்டோபரில் ரெனோ இந்தியா நிறுவனம் தன் க்விட் கார்களைத் திரும்ப அழைத்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் அந்தக் கார் சந்தைக்கு வந்திருந்தது. முதன்முறையாகக் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் அதை ஆசையாக வாங்கியிருந்தன. 2016 மே 18 வரை தயாரான 0.8 லிட்டர் எஞ்சின் கொண்ட வண்டிகள் அழைப்புப் பட்டியலில் இருந்தன. எண்ணிக்கை ஏறத்தாழ 50,000 என்று செய்திகள் சொல்லின. அதே அடித்தளத்தில் உருவான டட்சன் ரெடிகோ கார்களில் 932 வண்டிகளும் கூடவே அழைக்கப்பட்டன.

காரணம் எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. எரிபொருள் செல்லும் ஹோஸில் ஒரு கிளிப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனை வண்டிகளும் சர்வீஸ் சென்டர்களுக்கு வரவழைக்கப்பட்டன. இரண்டு கார்களும் சென்னைக்கு அருகே ஒரகடம் ஆலையில் தயாரானவை.

சில ரூபாய் பெறும் ஒரு கிளிப்புக்காகப் பல்லாயிரம் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து, செலவை ஆலையே ஏற்று, ஒவ்வொரு வண்டியையும் சோதித்தார்கள். வாகனம் தயாரிப்பவர்கள் அந்தக் கிளிப்புக்குத் தரும் மதிப்பு இது. சாலையோரப் பட்டறையில் ஃபில்டர் மாற்றும்போது நாம் அதற்கு என்ன மதிப்புத் தருகிறோம்? பழைய கிளிப்பையே திருப்பி மாட்டுகிறோம். கிளிப் உடைந்திருந்தால் கம்பியைச் சுற்றி முறுக்குகிறோம். ஹோஸ் வெடித்திருந்தால் வெடித்த முனையை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்துச் செருகுகிறோம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

எல்லைச் சாலையின் சோதனைகள்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது தடா. கும்மிடிப்பூண்டியும் ஆரம்பாக்கமும் தாண்டினால் ஆந்திரம் தொடங்கிவிடும். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் பழவேற்காடு ஏரி. மறுபுறம் 2008-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம். டீசல் பிக்கப் வண்டிகளுக்குப் பேர்போன இசுசூ, 2016 ஏப்ரலில் தன் ஆலையை அங்கேதான் திறந்தது. நடுவே, சென்னையைக் கொல்கத்தாவோடு இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16. பெரியவர்களுக்கு அது இன்னும் பழைய என்.எச். 5 தான்.

திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் போகும் குடும்பக் கார்கள், ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள், மீன் வண்டிகள், சரக்கு லாரிகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. எரிபொருள் லைனுக்கு வரக்கூடிய தொல்லைகள் பலவும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, எரிபொருள் விலை. மாநில வரிகள் வேறுபடுவதால் பெட்ரோலும் டீசலும் ஆந்திரத்தில் தமிழ்நாட்டைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. அதனால் நெல்லூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிகள், 'எல்லை தாண்டிப் போட்டுக்கொள்ளலாம்' என்று டேங்க் வற்றும்வரை ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. டேங்க் வற்ற வற்ற, அடியில் தங்கியிருக்கும் தூசியும் துருவும் தண்ணீரும் குலுங்கிக் கலங்கி ஃபில்டரை நோக்கிப் போகின்றன. பெட்ரோல் காரில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். பெட்ரோல் குறைந்தால் பம்ப் சூடேறும். டீசல் வண்டியில் டேங்க் முழுதாக வற்றினால் லைனுக்குள் காற்று புகுந்துவிடும். பிறகு காற்றை வெளியேற்றாமல் வண்டி கிளம்பாது.

இரண்டாவது, உப்புக்காற்று. பழவேற்காடு உவர்நீர் ஏரி, கடலும் பக்கத்தில். ஹோஸைப் பிடித்திருக்கும் சாதாரண இரும்புக் கிளாம்ப்பை இந்தக் காற்று மெல்ல அரிக்கிறது. மேலே பார்த்தால் கிளாம்ப் இருக்கும். திருகைத் தொட்டால் உதிரும்.

மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதி தத்தளித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னை தொடங்கி நெல்லூர் வரை பெருமழையைக் கொட்டியது. தேங்கிய வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் டேங்க் மூடி வழியாகவும் காற்றுக்குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கலாம். வெள்ளத்தில் நின்ற டீசல் வண்டியை, ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடிக்காமல் ஸ்டார்ட் செய்வது பெரிய செலவை நாமே வரவழைத்துக்கொள்வது.

நான்காவது, தடா அருவி. உப்பலமடுகு என்பது அதன் உள்ளூர்ப் பெயர். வரதய்யபாளையம் பக்கமிருந்து அங்கே போகும் வழி கல்லும் குழியுமானது. வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் தாழ்வான கார்கள் அதில் அடிவயிறு உரசிப் போகின்றன. எரிபொருள் லைன் பல கார்களில் அடிப்பகுதியை ஒட்டித்தான் ஓடுகிறது. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிடிப்பான்கள் கல் பட்டு உடைந்தால் குழாய் தொங்கி, அடுத்த கல்லில் நசுங்கும்.

இவற்றோடு எலித் தொல்லையும் உண்டு. வயலோரத்தில் பல நாள் நிற்கும் வண்டிகளின் ரப்பர் ஹோஸை எலி கடிப்பது கிராமத்துப் பட்டறைகள் அடிக்கடி பார்க்கும் சேதம்.

மைக்ரான் கணக்கு

ஃபில்டர் ஏன் இவ்வளவு முக்கியம்? டீசல் எஞ்சினின் உள்ளே பார்த்தால் புரியும்.

இன்றைய டீசல் கார்களில் காமன் ரெயில் முறைதான். டேங்கிலிருந்து வரும் டீசல் ஃபில்டரைக் கடந்து உயரழுத்தப் பம்ப்புக்குப் போகிறது. அங்கிருந்து 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் போகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான். ரெயிலில் உள்ள அந்தப் பேரழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் இன்ஜெக்டரின் உள்ளுறுப்புகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்களுக்குள் அடங்க வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத மணல் துகள் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால் உரசி உரசிப் பள்ளம் பறித்துவிடும். தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். டீசல் தர வேண்டிய வழுவழுப்பும் போய்விடும்.

ஆகவே டீசல் ஃபில்டருக்கு இரண்டு வேலைகள். தூசியைத் தடுப்பது ஒன்று. தண்ணீரைப் பிரித்துக் கீழே தேக்குவது மற்றொன்று. பல வண்டிகளில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கைக் கண்டும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர், சில நூறு ரூபாயில் முடிய வேண்டியதைப் பல்லாயிரம் ரூபாய் இன்ஜெக்டர் வேலையாக மாற்றிக்கொள்கிறார்.

மோசமான எரிபொருள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. 2021 ஜூலையில் மகிந்திரா நிறுவனம், நாசிக் ஆலையில் தயாரான 600-க்கும் குறைவான டீசல் வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. ஆலைக்கு ஒருநாள் வந்த கலப்படமான எரிபொருள் அந்த வண்டிகளின் எஞ்சின் பாகங்களைப் பாதித்திருக்கலாம் என்பதே காரணம். புத்தம்புது எஞ்சினுக்கே இந்தக் கதி என்றால், ஊர் ஊராக எரிபொருள் போடும் நம் வண்டிகளுக்கு ஃபில்டர்தான் காவல்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? டீசல் ஃபில்டருக்கும், வெளியே பொருத்திய பெட்ரோல் ஃபில்டருக்கும் பெரும்பாலும் 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் ஓர் எல்லை இருக்கும். ஆனால் காருக்குக் கார் இது மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருப்பதுதான் இறுதி வார்த்தை. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள், பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது. அதைத் தனியாக மாற்றுவது வழக்கமில்லை. உங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே தளர்வு, இரண்டு நோய்

ஹோஸ் தளர்ந்தால் எரிபொருள் சொட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

பல டீசல் வண்டிகளில் டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையிலான லைன் உறிஞ்சும் லைன். அங்கே கிளிப் தளர்ந்தால் டீசல் வெளியே வராது; காற்று உள்ளே போகும். பட்டறையில் 'ஏர் வாங்குது' என்பார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காது. ஓடும்போதே அணைந்துவிடும். கீழே ஒரு சொட்டு டீசல்கூட இருக்காது என்பதால் கிளிப்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பேட்டரியை மாற்றுவார்கள், பம்ப்பைக் கழற்றுவார்கள், கடைசியில்தான் கிளிப்புக்கு வருவார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது கார் அணைந்து நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் காரில் நிலைமை வேறு. எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்‌ஷன் முறை வந்த பிறகு பம்ப் டேங்குக்குள் இருந்து சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அங்கே ஹோஸ் தளர்ந்தால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சியடிக்கும். பெட்ரோல் ஆவி பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழேகூடப் பற்றிக்கொள்ளக்கூடியது. ஒரு மின்பொறி போதும்.

டீசல் அவ்வளவு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி உண்மைதான். தீக்குச்சி காட்டினால் பெட்ரோல் அளவுக்கு டீசல் சட்டென்று பற்றாது. ஆனால் பொறியே இல்லாமல், வெறும் சூட்டிலேயே தானாகப் பற்றும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு; சுமார் 210 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஓடும் வண்டியின் டர்போவும் புகைக்குழாயும் அதைவிட மிகவும் சூடாக இருக்கும். பம்ப்பைக் கடந்த பின் கசியும் டீசல் தூவலாக அவற்றின்மேல் பட்டால் தீ பிடிக்கும்.

2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பேருந்து, அன்றைய மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சிறுபாலத்தின் சுவரில் மோதி எரிந்தது. 45 பேர் இறந்தார்கள். அது மோதலால் நேர்ந்த விபத்து. ஹோஸ் கிளிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் எரிபொருள் தன் இடத்தைவிட்டு வெளியே வந்தால், இறங்கி ஓடக்கூட நேரம் கிடைக்காது என்பதை அந்த விபத்து காட்டியது. எரிபொருளைக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கும் ஒவ்வொரு பாகமும் உயிர் காக்கும் பாகம்தான்.

எத்தனால் காலத்து ரப்பர்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்போது கூடுதலாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2022 ஜூனில் எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அறிமுகமானது. 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் எரிபொருள் பாகங்கள் இதற்கேற்ப அமைந்தவை. அதற்கு முந்தைய கார்களில் எல்லாமும் அப்படி இல்லை.

எத்தனாலுக்குச் சில குணங்கள் உண்டு. சில வகை ரப்பரை ஊதவைக்கும். பிறகு காயவைத்து வெடிக்கச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பிய கசடு போய்ச் சேருமிடம் ஃபில்டர். ஊதிய ரப்பர் தளர்வதும் வெடிப்பதும் ஹோஸின் முனையில், கிளிப் பிடித்திருக்கும் அதே இடத்தில்.

2025 ஆகஸ்டில் இ20 பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில், 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும், அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம் என்றும் அது கூறியது. எத்தனால் கொள்கை பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த வரியைப் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செயலில் காட்ட வேண்டும். அடுத்த சர்வீஸில் எரிபொருள் ஹோஸை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடி அளவு வெடிப்பு தெரிந்தாலும், கையில் பிசுபிசுப்பு ஒட்டினாலும், ரப்பர் கட்டையாகிவிட்டிருந்தாலும் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது.

பட்டறையில் நடக்க வேண்டியது

ஃபில்டர் மாற்றும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். ஆனால் என்ன நடக்கிறது என்பது உரிமையாளருக்கும் தெரிய வேண்டும்.

வெளியே பொருத்திய ஃபில்டர் கொண்ட பெட்ரோல் காரில் முதல் வேலை அழுத்தத்தை இறக்குவது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோல் எரிந்து தானே அணைந்துவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஹோஸைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் பீடி, வெல்டிங், சூடான குண்டு பல்பு எதுவும் கூடாது. பட்டறைக் கதவு திறந்திருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

டீசலில் முதல் வேலை சுத்தம். ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். கழற்றிய முனைகளைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மண் லைனுக்குள் விழுந்தால் புது ஃபில்டரால் பயனே இல்லை. ஃபில்டரை நிரப்புகிறேன் என்று கேனிலிருந்து டீசலை நேராக ஊற்றுவதும் ஆபத்து. வடிகட்டாத அந்த டீசல், வடிகட்டிய பக்கத்தில் விழுந்தால் நேராக உயரழுத்தப் பம்ப்புக்குப் போகும். கையேடு சொல்கிற முறைப்படி, கைப் பம்ப்பை அது கெட்டியாகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவதுதான் சரி. எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் அடியோடு விட்டுவிட வேண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். விரலையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புது ஃபில்டரின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். ஓ-ரிங்கும் வாஷரும் புதியவையாக இருக்க வேண்டும்.

ஹோஸைப் பூட்டும் முறை

இனிதான் முக்கியமான வேலை. ஃபில்டரின் மூக்கு நுனியில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். ஹோஸ் அந்தப் புடைப்பைத் தாண்டி நன்றாக உள்ளே ஏற வேண்டும். கிளாம்ப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே இறுக்கினால் வழுக்கும். ஹோஸின் விளிம்பில் இறுக்கினால் ரப்பர் கிழியும். விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருப்பதே சரியான இடம்.

கிளாம்ப்பிலும் வகை இருக்கிறது. பட்டறைகளில் எங்கும் கிடைக்கும், பட்டையில் வரிவரியாகத் துளையுள்ள ஸ்க்ரூ கிளாம்ப் தண்ணீர் ஹோஸுக்குப் போதும். எரிபொருள் ஹோஸில் அதை இறுக்கினால் அந்தத் துளைகளுக்குள் ரப்பர் பிதுங்கி நாளடைவில் அறுபடும். எரிபொருள் லைனுக்கென்றே, உள்பக்கம் வழவழப்பாகவும் ஓரங்கள் மடிக்கப்பட்டும், சின்ன போல்ட்டால் சுற்றிலும் சமமாக இறுக்கும் கிளாம்ப்கள் உண்டு. கம்பெனி ஸ்பிரிங் கிளிப் போட்டிருந்தால் ஸ்பிரிங் கிளிப்பையே புதிதாகப் போட வேண்டும். ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது, கூடவே விரிந்து சுருங்கிப் பிடியை விடாமல் வைத்திருக்கும் அமைப்பு அது. உப்புக்காற்று வீசும் தடா, சூலூர்ப்பேட்டை, பழவேற்காடு பகுதிகளில் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் வாங்குவதே சிக்கனம்.

புதிய கார்களில் ரப்பர் ஹோஸுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயும் குயிக் கனெக்டரும் வருகின்றன. அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். சத்தம் கேட்டதோடு விடாமல், பின்னுக்கு இழுத்துப் பார்த்துப் பூட்டு விழுந்ததை உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட்டுக் கேபிள் டை கட்டி அனுப்புவதை எந்த உரிமையாளரும் ஏற்கக் கூடாது.

ஹோஸ் வாங்கும்போது அதன் உடலில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றிருந்தால் குறைந்த அழுத்தத்துக்கானது. பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் அழுத்த லைனுக்கு ஜே30 ஆர்9 வேண்டும். அது எத்தனால் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். எழுத்தே இல்லாத கறுப்பு டியூப்பை, அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக எரிபொருள் லைனில் போடவே கூடாது. சென்னைப் புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் பழையதாக வாங்கலாம். ஃபில்டர், ஹோஸ், கிளிப் மூன்றையும் புதிதாக, பில்லோடு, பார்ட் நம்பர் பார்த்து வாங்க வேண்டும். டூப்ளிகேட் ஃபில்டரில் உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தில் பிரிந்து, தடுக்க வேண்டிய குப்பையை அதுவே உண்டாக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்ய வேண்டும். பெட்ரோல் காரில் பம்ப் ஓடி லைனில் அழுத்தம் ஏறும். அப்போது எல்.இ.டி. டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை, ஒரு சுற்று ஓட்டிவந்து எஞ்சின் சூடேறிய பின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இந்த மூன்று பார்வைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்கிறேன் என்று சொல்லும் மெக்கானிக்குக்கு மனமுவந்து கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

ஆலையிலேயே தவறு நேர்வதும் உண்டு. 2010 பிப்ரவரியில் மாருதி நிறுவனம் எரிபொருள் பம்ப் கேஸ்கட்டை மாற்றுவதற்காக ஏ-ஸ்டார் கார்களில் ஒரு லட்சத்தை அழைத்தது. 2014 ஏப்ரலில் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா மூன்றிலும் சேர்த்து 1,03,311 கார்களை அழைத்து, டேங்குக்கு எரிபொருள் இறங்கும் கழுத்துக் குழாயைச் சோதித்தது. 2020 ஜூனில் ஹோண்டா, எரிபொருள் பம்ப்புக்காக 65,651 கார்களை அழைத்தது. இந்த மூன்று அழைப்பும் எரிபொருள் சம்பந்தப்பட்டவை. மூன்றிலும் வேலை இலவசம்.

அப்போதெல்லாம் திரும்ப அழைப்பது நிறுவனங்கள் தாமாக ஏற்ற நடைமுறை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. முதல் உரிமையாளருக்கு வந்த அழைப்புக் கடிதம் உங்கள் கைக்கு வராது. சேசிஸ் எண்ணைச் சொல்லி, 'இந்த வண்டிக்கு ரீகால் நிலுவை ஏதாவது உண்டா?' என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நிலுவை இருந்தால் அந்த வேலையை இலவசமாகச் செய்து தரச் சொல்லுங்கள்.

வாடை வந்தால்...

காருக்குள் பெட்ரோல் அல்லது டீசல் வாடை வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. வண்டியை ஓரங்கட்டி, முதலில் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். பம்ப் நின்றால் எரிபொருள் வருவது நிற்கும். எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டு விலகி நிற்கவையுங்கள். புகை தெரிந்தால் பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்து தீ பெரிதாகும். எரிபொருள் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

வாடை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். திருப்பதிக்கோ நெல்லூருக்கோ கிளம்புவதற்கு முன், காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஃபில்டரின் இரு முனைகளையும் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். எல்லை தாண்டி மிச்சமாகும் சில ரூபாயைவிடப் பம்ப்பின் விலை அதிகம்.

பட்டறை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டாதீர்கள். அந்தக் கிளிப்பின் விலையைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். எதற்கென்று வாடிக்கையாளர் கேட்டால் விளக்குங்கள். உரிமையாளர்களே, அந்த வரி பில்லில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஃபில்டர் மாற்றிய ஒவ்வொரு வண்டியும் இரண்டு புதுக் கிளிப்போடுதான் பட்டறையை விட்டு வெளியே வர வேண்டும்.